இரண்டு தரம் வந்த ஒரு மணி: கோடைகால நேரம் தேவைதானா?

லண்டனுக்கு வந்த புதிதில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்தேன். பத்து மணிக்கு ஏறினால் விடிய ஆறு மணிக்கு இறங்கலாம். ஒக்டோபர் மாதக் கடைசிச் சனிக்கிழமை இரவு. காசு வாங்கும் ரில் மெஷினில் 1.59 என்று இருந்தது. அடுத்த நிமிடம் 2.00 வரவேண்டும். வந்ததோ 1.00. மெஷின் பழுதாகிவிட்டதென்று பதறிப்போய், கூட நின்ற அண்ணரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நேரம் மாத்துறாங்கள் தம்பி. இண்டைக்கு உனக்கு ஒரு மணித்தியாலம் கூட" என்று சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணீர் போடப் போய்விட்டார்.

நான் கூட நின்றது உண்மை. சம்பளம் கூடவில்லை. பத்திலிருந்து ஆறு வரைக்கும் எட்டு மணித்தியாலம்தானே என்றார் முதலாளி. அடுத்த மார்ச் மாதம் ஓர் இரவில் ஒரு மணித்தியாலம் காணாமல் போனபோது மட்டும், "நீ நின்றது ஏழுதான்" என்று சரியாகக் கணக்குப் பார்த்தார்.

மணிக்கூட்டில் இப்படி ஆண்டுக்கு இரண்டு தரம் கை வைப்பதற்குத்தான் கோடைகால நேரம் என்று பெயர். பிரித்தானியாவில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலை ஒரு மணியை இரண்டு மணி ஆக்குவார்கள். ஒக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணியைத் திரும்ப ஒரு மணி ஆக்குவார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் அதே கணத்தில் மாற்றுகின்றன. அமெரிக்காவும் கனடாவின் பெரும்பகுதியும் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றுகின்றன. இரண்டு பக்கமும் வேறு வேறு நாட்களில் மாற்றுவதால், மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் ஒக்டோபர் முடிவில் ஒரு வாரமும் லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இடையில் ஐந்து மணித்தியாலத்துக்குப் பதிலாக நான்குதான் வித்தியாசம். கூட்டங்களைத் தவறவிடுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த வாரங்களில்தான்.

இதனால் பகல் நீளுமா? இல்லை. சூரியன் மணிக்கூட்டைப் பார்த்து உதிப்பதில்லை. மாறுவது நாங்கள் எழும்பும் நேரம் மட்டுந்தான். ஏழு மணிக்கு எழும்புகிறவர் மார்ச்சுக்குப் பிறகும் ஏழு மணிக்குத்தான் எழும்புவார். ஆனால் அந்த ஏழு மணி, சூரியனின் கணக்கில் பழைய ஆறு மணி. நாடு முழுவதையும் ஒரு மணித்தியாலம் வேளைக்கு எழுப்பிவிட்டு, யாரும் வேளைக்கு எழும்பவில்லை என்று நம்பவைக்கும் வேலை இது.

எதற்காக இந்த வேலை என்பது யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பிறந்து வளர்ந்த ஒருவருக்கு உடனே பிடிபடாது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடத்தான் வித்தியாசம். சென்னையில் ஒன்றரை மணித்தியாலம். மாரியோ கோடையோ, ஆறு மணியை ஒட்டி விடியும், ஆறு மணியை ஒட்டி இருளும். லண்டனில் கதையே வேறு. ஜூன் 21 அன்று பகல் 16 மணித்தியாலம் 38 நிமிடம். டிசம்பர் 21 அன்று எட்டு மணித்தியாலம்கூட இல்லை. மணிக்கூட்டை மாற்றாமல் விட்டால் ஜூன் மாதத்தில் லண்டனில் சூரியன் அதிகாலை 3.43க்கு உதிக்கும். அந்த வெளிச்சத்தில் நரிகளும் பால்காரரும்தான் நடமாடுவார்கள். ஊரெல்லாம் திரை போட்டுத் தூங்கும். மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினால் உதயம் 4.43, அஸ்தமனம் இரவு 9.21. தூக்கத்தில் வீணாய்ப் போன வெளிச்சத்தில் ஒரு மணித்தியாலம் பின்னேரத்துக்கு வந்துவிடுகிறது.

எங்கள் பஞ்சாங்கத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அது நாளை உதயத்திலிருந்து நாழிகைகளாக எண்ணுவது. இராகு காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பகலை எட்டாகப் பிரித்தால் திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கு. ஆறுக்கு உதயம், ஆறுக்கு அஸ்தமனம் என்று வைத்தால் 7.30 முதல் 9 வரை, அதுதான் ஊர்க் கலண்டரில் இருப்பது. லண்டன் உதயத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஜூன் கடைசித் திங்களில் அது 6.48 அளவில் தொடங்கி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நீளும். டிசம்பரில் ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். சூரியனைப் பிடித்துக்கொண்டு போகிற கணக்கு அப்படித்தான் சுருங்கி விரியும். தொழிற்சாலையும் ரயிலும் அப்படிச் சுருங்கி விரிய முடியாது. அதனால்தான் ஆண்டு முழுவதும் ஒரே அளவான மணி வேண்டியிருந்தது. அந்த மணியைச் சூரியனுக்குக் கொஞ்சமாவது பொருத்த, ஆண்டுக்கு இரண்டு தரம் ஓர் ஒட்டுப் போடவேண்டியும் இருந்தது.

ஒட்டுப் போடும் யோசனை யாருடையது என்றால் பலரும் பெஞ்சமின் பிராங்கிளின் என்பார்கள். அது பிழை. அவர் 1784இல் பாரிஸ் பத்திரிகை ஒன்றுக்கு எழுதியது ஒரு நையாண்டிக் கடிதம். பாரிஸ்காரர் மத்தியானம் வரை தூங்கி இரவில் மெழுகுதிரியைக் கரைக்கிறார்கள், பீரங்கி வெடித்து எழுப்புங்கள் என்ற மாதிரி. மணிக்கூட்டை மாற்றச் சொல்லி அதில் ஒரு வரி இல்லை. உண்மையாக மாற்றச் சொன்ன முதல் ஆட்களில் ஒருவர் நியூசிலாந்தின் ஜோர்ஜ் ஹட்சன். தபால் நிலையத்தில் வேலை, வேலை முடிந்தால் பூச்சி பிடிப்பது. பின்னேர வெளிச்சம் போதவில்லை என்று 1895இல் இரண்டு மணித்தியால மாற்றத்தை முன்மொழிந்தார்.

இங்கிலாந்தில் அதைத் தூக்கிப் பிடித்தவர் வில்லியம் வில்லெற் என்ற வீடு கட்டும் முதலாளி. கோடை அதிகாலைகளில் குதிரையில் போகும்போது, நல்ல வெயிலில் வீடுகள் எல்லாம் திரை மூடிக் கிடப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல் 1907இல் ஒரு பிரசுரம் எழுதினார். அவர் திட்டம் இன்னும் சிக்கலானது: ஏப்ரலில் நான்கு ஞாயிறுகள், ஒவ்வொன்றிலும் 20 நிமிடம், மொத்தம் 80 நிமிடம் முன்னே. செப்டெம்பரில் அதே மாதிரிப் பின்னே. ஆண்டுக்கு எட்டுத் தரம் மணிக்கூடு திருத்தவேண்டும்! பாராளுமன்றம் அவரை நெடுங்காலம் இழுத்தடித்தது. 1915இல் அவர் இறந்தார்.

அடுத்த ஆண்டே அது சட்டமானது. அதுவும் முதலில் எதிரி நாட்டில். முதலாம் உலகப் போரில் நிலக்கரியை மிச்சம் பிடிக்க, 1916 ஏப்ரல் 30 அன்று ஜேர்மனி மணிக்கூட்டை முன்னே தள்ளியது. மூன்று வாரம் கழித்து மே 21 அன்று பிரித்தானியாவும் தள்ளியது. லண்டனுக்குத் தென்கிழக்கே பெற்ஸ் வூட்டில் வில்லெற்றுக்கு ஒரு நினைவுச் சூரியக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். அது கோடைகால நேரத்தை மட்டும் காட்டும். குளிர்காலத்தில் பார்க்கப் போனால் ஒரு மணித்தியாலம் பிழையாக நிற்கும்.

விவசாயிகளுக்காகத்தான் இதைக் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதையும் உலாவுகிறது. நேர்மாறு. விவசாயிகள்தான் இதை ஆகக் கூடுதலாக எதிர்த்தார்கள். வைக்கோலில் பனி காய்வது சூரியனால். மாடு பால் தருவது அதன் மடி நிறைந்த நேரத்தில். ஆனால் கூலியாள் வேலைக்கு வருவதும் வீட்டுக்குப் போவதும், சந்தைக்கு ரயில் புறப்படுவதும் மணிக்கூட்டால். பனி காய்வதற்குள் ஆள் வந்து சும்மா குந்தியிருந்து, வேலை சூடு பிடிக்கும் நேரத்தில் போய்விடுவான். அமெரிக்கா 1918இல் கொண்டுவந்த கோடைகால நேரத்தை, ஜனாதிபதி வில்சன் தடுத்தும் கேளாமல், 1919இல் நாடாளுமன்றம் நீக்கியதற்குப் பெரிய காரணம் விவசாயிகள்தான்.

சரி, மிச்சம் பிடித்ததா? 1916இல் பிடித்திருக்கும் என்று நம்பலாம். அன்று வீட்டில் எரிசக்தி என்றால் பெரும்பாலும் விளக்கும் அடுப்பும்தான். இன்று விளக்கு ஒரு பொருட்டே இல்லை, எல்இடி குமிழ் குடிக்கும் மின்சாரம் சொற்பம். கணக்கைத் தலைகீழாக்கியது குளிரூட்டி. பின்னேர வெயில் ஒரு மணித்தியாலம் கூட இருக்கும்போது ஆட்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் போடுவது அதைத்தான். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பெரும்பாலான மாவட்டங்கள் 2006 வரை மணிக்கூட்டை மாற்றாமலே இருந்தன. அந்த ஆண்டு முழு மாநிலமும் மாற்றத் தொடங்கியது. இரு காலத்து மின்கட்டணங்களையும் வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், வீட்டு மின்பாவனை குறையவில்லை, ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடியது என்று கண்டார்கள். மறுபக்கம், 2007இல் அமெரிக்கா கோடைகால நேரத்தை நான்கு வாரமளவு நீட்டியதைப் பற்றி அந்நாட்டு எரிசக்தித் துறை 2008இல் தந்த அறிக்கை, நீட்டிய நாட்களில் நாளொன்றுக்கு அரைச் சதவீத மின்சாரம் மிஞ்சியதாகச் சொன்னது. ஆண்டு முழுவதற்கும் பரவிப் பார்த்தால் அது 0.03 சதவீதம். கூடினாலும் குறைந்தாலும் துளிதான். மின்சாரத்துக்காக இதை வைத்திருக்கிறோம் என்று இன்றைக்கும் ஒருவர் சொன்னால் நம்பவேண்டாம்.

உடம்பின் கணக்கு இதைவிடப் பாரமானது. எங்களுக்குள் ஓடும் மணிக்கூடு சராசரியாக 24 மணித்தியாலத்தைவிடச் சற்று நீளமானது. சும்மா விட்டால் நாளுக்கு நாள் பிந்திக்கொண்டே போகும். காலை வெளிச்சம் கண்ணில் படும்போது அது பிடித்து இழுக்கப்பட்டுச் சரியாகிறது. பின்னேர வெளிச்சம் எதிர்ப்பக்கம் தள்ளி, தூக்கத்தைப் பிற்போடுகிறது. மார்ச்சில் மணிக்கூட்டை முன்னே தள்ளும்போது காலையில் வெளிச்சத்தைப் பறித்து மாலையில் கொடுக்கிறோம், உடம்பு கேட்பதற்கு நேர் எதிராக. சுவீடனில் நீண்ட காலத் தரவுகளை வைத்து 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மார்ச் மாற்றத்துக்குப் பிந்திய வாரத்தில் மாரடைப்புகள் ஏறத்தாழ 5 சதவீதம் கூடுவதைக் காட்டியது. பிறகு வந்த எல்லா ஆய்வுகளும் அதே அளவைக் காட்டவில்லை. ஆனாலும் தூக்கம் குறைகிறது என்பதில் சர்ச்சை இல்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2020இலேயே மாற்றத்தை நிறுத்துங்கள் என்றது. நிறுத்தி, ஆண்டு முழுவதும் வழமையான நேரத்தில், அதாவது குளிர்கால மணிக்கூட்டில், இருங்கள் என்றும் சொன்னது.

அந்த இரண்டாவது வசனத்தைத்தான் ஆட்கள் கவனிப்பதில்லை. "நேரம் மாத்துறதை நிப்பாட்டவேணும்" என்று பத்துப் பேர் கைதூக்குவார்கள். எந்த நேரத்தில் நிற்பாட்டுவது என்று கேட்டால் ஐந்து கை ஒரு பக்கம், ஐந்து கை மறுபக்கம். ஆண்டு முழுவதும் கோடைகால நேரம் என்றால் டிசம்பரிலும் பின்னேரம் ஒரு மணித்தியாலம் கூட வெளிச்சம், ஆனால் லண்டனில் உதயம் 9.04. ஆண்டு முழுவதும் வழமையான நேரம் என்றால் குளிர்காலக் காலை தப்பும், ஜூன் மாதத்தில் 3.43 உதயம். இரண்டும் வேண்டாம் என்றால் இப்போது இருப்பது.

ஐரோப்பிய ஒன்றியம் சிக்கிக் கிடப்பதும் இங்கேதான். 2018இல் நடத்திய கருத்துக் கேட்பில் 46 இலட்சம் பதில்கள் வந்தன. 84 சதவீதம் மாற்றத்தை நிறுத்தச் சொன்னது. (பதில்களில் பெரும்பகுதி ஜேர்மனியிலிருந்து வந்தவை. ஐரோப்பா முழுவதன் குரல் என்று எடுத்துவிட முடியாது.) 2019இல் ஐரோப்பியப் பாராளுமன்றம் 2021உடன் முடிப்போம் என்று வாக்களித்தது. எந்த நேரத்தில் நிற்பது என்று நாடுகள் உடன்படவில்லை, அப்படியே கிடக்கிறது. அயர்லாந்துக்கு இன்னொரு தலையிடி: பிரித்தானியா மாற்றத்தைத் தொடர்ந்து, ஒன்றியம் நிறுத்தினால், ஒரே தீவுக்குள் அரை ஆண்டுக்கு இரண்டு நேரம். அமெரிக்கச் செனற் 2022 மார்ச்சில் நிரந்தரக் கோடைகால நேரத்துக்கு எதிர்ப்பில்லாமல் ஒப்புதல் கொடுத்தது. கீழவை அதை எடுக்கவே இல்லை.

நிரந்தரக் கோடைகால நேரம் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யவேண்டியதில்லை. செய்து பார்த்திருக்கிறார்கள். பிரித்தானியா 1968 முதல் 1971 வரை குளிர்காலத்திலும் மணிக்கூட்டைப் பின்னே வைக்காமல் விட்டது. ஸ்கொட்லாந்தின் இன்வர்னஸில் டிசம்பரில் விடிய ஏறத்தாழப் பத்து மணி. பிள்ளைகள் கும்மிருட்டில் பள்ளிக்கூடம் போனார்கள். அமெரிக்காவில் எண்ணெய் நெருக்கடியை ஒட்டி நிக்சன் அரசு 1974 ஜனவரி 6 அன்று அதையே தொடங்கியது. தொடங்குமுன் 79 சதவீதமானவர்கள் ஆதரித்தார்கள். பிப்ரவரியில் அது 42 ஆகிவிட்டது. அந்த ஆண்டு ஒக்டோபரிலேயே குளிர்காலத்துக்குப் பழைய நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ரஷ்யா 2011இல் நிரந்தரக் கோடைகால நேரத்துக்குப் போய், மூன்று குளிர்காலம் தாங்கி, 2014இல் மறுபக்கம் திரும்பியது.

பிரித்தானியப் பரிசோதனையில் என் மனதில் நின்றுவிட்ட ஒரு விசயம் உண்டு. காலையில் வீதி விபத்துகள் கூடின, மாலையில் குறைந்தன. கூட்டிக் கழித்தால் பாதிக்கப்பட்டோர் தொகை குறைந்திருந்தது. (1967இல் மது அருந்தி வாகனம் ஓட்டுவோரை ஊதிப் பார்க்கும் சட்டமும் வந்தது. எது எவ்வளவு குறைத்தது என்று பிரிப்பது சுலபமில்லை.) ஆனால் காலை இருட்டில் அடிபட்ட பிள்ளைக்குப் பெயர் உண்டு, படம் உண்டு, அழும் தாய் உண்டு. மாலை வெளிச்சத்தால் தப்பிய பிள்ளைக்குத் தான் தப்பியதே தெரியாது. பாராளுமன்றம் 366க்கு 81 என்று பரிசோதனையை முடித்துவைத்தது. அந்த வாக்கு பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த விவாதத்தில் எண்ணிக்கை மட்டும் வெல்லாது.

எங்கள் ஊருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 1996இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி, இலங்கையில் மின்வெட்டு. மே மாதம் அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்து, மீதி அரையை 2006 ஏப்ரல் வரைக்கும் வைத்திருந்தது. பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாத ஓர் ஊரில் இது செய்தது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைகளை இருட்டில் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் பழைய நேரமே தொடர்ந்தது. 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர், புலிகளின் பகுதி தொடங்கும் ஓமந்தையில் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னே வைத்து, அது முடியும் முகமாலை தாண்டித் திரும்ப முன்னே வைக்கவேண்டும். ஒரே வீதி, ஒரே வெயில். சனம் "பழைய நேரம்", "புது நேரம்" என்று சொல்லிச் சமாளித்தது. கலியாண வீட்டுக்கு அழைத்தால் முகூர்த்தம் எந்த நேரத்தில் என்று கேட்டுத்தான் புறப்படவேண்டும்.

ஆகவே, வைத்திருக்கலாமா என்ற கேள்விக்கு எந்த ஊரில் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்லக்கூடாது. பூமத்திய ரேகையை அண்டிய நாடுகளுக்கு இது முழு வீண். அரிசோனா மாதிரி வெயில் கொளுத்தும் இடத்தில் பின்னேர வெயிலை யாரும் கேட்கவில்லை, அந்த மாநிலம் 1968இலேயே விலகிவிட்டது. மெக்சிக்கோ 2022இல் பெரும்பகுதி நாட்டில் நிறுத்தியதும் எனக்கு நியாயமாகவே படுகிறது. லண்டன் போன்ற வடக்கு ஊருக்கு மட்டும் என் வாக்கு, முணுமுணுத்துக்கொண்டுதான், இப்போது இருக்கும் முறைக்கு. மருத்துவர்கள் கேட்கும் நிரந்தர வழமை நேரத்தில் ஜூன் மாதப் பின்னேரங்களில் ஒரு மணித்தியாலம் போகும். வேலை முடிந்து வந்து பிள்ளையைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகும் நேரம் அது. நிரந்தரக் கோடை நேரத்தில் இரண்டு மூன்று மாதக் காலைகள் போகும். இரண்டையும்விட, மார்ச்சில் ஒரு கெட்ட வாரம் எனக்குச் சம்மதம். இதய நோய் உள்ளவருக்கும் இரவு வேலைக்காரருக்கும் அந்த வாரம் என்னைவிடக் கூடுதலாகச் செலவாகும் என்பதும் தெரியும். அந்த வாரத்தைக் கொஞ்சம் இலகுவாக்க, மூன்று நான்கு நாள் முன்பிருந்தே பதினைந்து பதினைந்து நிமிடமாக வேளைக்குப் படுத்து, காலையில் எழும்பியதும் வெளிச்சத்தில் நடந்தால் உடம்பு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். இரவு வேலை செய்கிறவர்கள், நின்ற மணித்தியாலத்தை மணிக்கூட்டைப் பார்க்காமல் விரல் விட்டு எண்ணி எழுதிவையுங்கள்.

அம்மா யாழ்ப்பாணத்தில். ஞாயிறு தவறாமல் அவவின் பதினொரு மணிக்கு எடுப்பா. கோடையில் எனக்கு அது விடிய ஆறரை, குளிர்காலத்தில் ஐந்தரை. நேரம் மாற்றும் ஞாயிறுகளில் நான் தூக்கக் கலக்கத்தில் எடுத்தவுடன் குரலிலேயே பிடித்துவிடுவா.

"என்ன, இன்னும் எழும்பேல்லையோ? இப்ப அங்க பழைய நேரமோ புது நேரமோ?"

"பழசு அம்மா. இண்டைக்குத்தான் மாறினது."

"அப்ப படு. நான் ஒரு மணித்தியாலம் கழிச்சு எடுக்கிறன்."